கோணல் பாதம்: கட்டு போடத் தெரிந்த டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது?

தாழம்பூ | 3 பிப்ரவரி, காலை 6.10

தங்கச்சி பையனுக்கு ரெண்டு பாதமும் உள்பக்கமா மடங்கி, குதிகால் மேல தூக்கியிருக்கு. பிறந்து 9 நாள். கிளப் ஃபுட்னு (வளைபாதம்) சீட்டுல எழுதியிருக்காங்க. ஒரு எலும்பு டாக்டர், முட்டிக்குக் கீழே மாவுக்கட்டு போட்டு 15 நாளைக்கு ஒருதரம் மாத்தலாம், ஒரு வயசுல ஆபரேஷன் பண்ணிக்கலாம்னார். வீட்டுப் பெரியவங்க விளக்கெண்ணெய் போட்டு நீவினா ஆறு மாசத்துல நேராயிடும்ங்கறாங்க. ஊர் பென்னாகரம் பக்கம். சென்னைக்கே போயிடணுமா? எந்த ஆஸ்பத்திரி பெஸ்ட்னு பேர் மட்டும் சொல்லுங்க, போதும்.

கட்டுக்காரர் | 3 பிப்ரவரி, காலை 7.45

பேர் மட்டும் போதாது. அந்த ஆஸ்பத்திரியில யார் கை கட்டு போடுதுங்கறதுதான் விஷயம்.

முதல்ல பதற்றத்தை விடுங்க. 9 நாள்ல ஒண்ணும் கைமீறிப் போகல. முதல் சில வாரத்துக்குள்ள ஆரம்பிச்சா பாதம் சுலபமா இணங்கும், அதுதான் லாபம். குறைமாசப் பிள்ளை, எடை கம்மி, மஞ்சள் காமாலைக்கு லைட்ல வச்சிருக்காங்கன்னா அது தேறினப்புறம் ஆரம்பிச்சாலும் சரியாகும். ஆனா ஆறு மாசம் எண்ணெய் நீவிக்கிட்டு உக்காரக் கூடாது.

அந்த டாக்டர் சொன்ன மூணுமே வேற இடம் பாருன்னு சொல்ற அறிகுறி. இப்ப உலகம் பூரா நடக்கறது பொன்செட்டி முறை. கட்டு கால்விரல்ல தொடங்கி தொடை இடுக்கு வரைக்கும், முட்டி 90 டிகிரி மடங்கி இருக்கும். 5 முதல் 7 நாளுக்கு ஒருதரம் பிரிச்சு, பாதத்தை இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, மறுகட்டு. பெரும்பாலும் 5, 6 கட்டுல பாதம் வந்துடும். அப்புறம் குதிகாலுக்கு மேல உள்ள நாண்ல (ஊர்ல நரம்புன்னு சொல்றது) சின்னதா ஒரு வெட்டு, 3 வாரம் கடைசிக் கட்டு, அதுக்கப்புறம் பார் வச்ச ஷூ, அதாவது ரெண்டு ஷூவையும் ஒரு கம்பியால இணைச்சது.

முட்டிக்குக் கீழே போட்டா ஏன் ஆகாதுன்னா, குழந்தை கால் மேல பருத்து கீழ சிறுத்து இருக்கும், கட்டு உருவிக்கிட்டு இறங்கிடும். உருவலைன்னாலும் முட்டிக்குக் கீழே உள்ள கால் முழுசும் கட்டோட சேர்ந்து திரும்பும், பாதத்தை வெளிப்பக்கம் நிறுத்த முடியாது.

புளியமரம் | 3 பிப்ரவரி, காலை 8.02

பொன்செட்டின்னா காரைக்குடி வைத்தியமா?

கட்டுக்காரர் | 3 பிப்ரவரி, காலை 8.20

ஸ்பெயின்காரர் ஐயா. இக்னாசியோ பொன்செட்டி, மெனோர்காத் தீவுல 1914-ல பிறந்தவர். உள்நாட்டுப் போர்ல காயக்காரங்களுக்கு வைத்தியம் பார்த்துட்டு, பிரான்ஸ், மெக்சிகோன்னு போய், 1941-ல அமெரிக்காவோட அயோவா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். 1963-லயே இந்த முறையை எழுதிட்டார். பாதத்தைத் திறந்து வெட்டி நேராக்கறதுல மும்முரமா இருந்த சக டாக்டர்கள் முப்பது வருஷத்துக்கு மேல அதைத் திரும்பிக்கூடப் பார்க்கல. 90-கள் கடைசியில பெத்தவங்களே இணையத்துல ஒருத்தருக்கொருத்தர் சொல்லித்தான் இது பரவிச்சு. 2009-ல காலமானார். அவர் பிறந்த ஜூன் 3-ஐத்தான் உலக வளைபாத நாளா வச்சிருக்காங்க.

நடைவண்டி | 3 பிப்ரவரி, மதியம் 1.30

தேடும் வழிக்கு வருகிறேன். சென்னை என்பதை மறந்துவிடுங்கள். வாராவாரம் கைக்குழந்தையோடு போக வேண்டும், பிறகு நாலு வருடம் ஷூவுக்காகப் போய்வர வேண்டும். எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரிய பெயரைவிட, ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் வாராந்திர கிளினிக் மேல். தூரம்தான் பாதியில் விட்டுப்போக வைக்கும். பாதியில் விட்டால் பாதம் திரும்ப மடங்கும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் வாரத்தில் ஒரு நாள் வளைபாத கிளினிக் நடக்கும். 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தை நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. பட்டியலில் வளைபாதமும் உண்டு. அதன் மாவட்ட மையத்தை டி.இ.ஐ.சி. என்பார்கள். பெரும்பாலும் மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருக்கும். உங்கள் ஊர் கிராம செவிலியரிடம் சீட்டைக் காட்டி அந்த மையத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் 104-க்கு போன் செய்து கேளுங்கள். தருமபுரியில் ஆரம்பிக்கலாம். கியூர் இந்தியா என்ற அமைப்பு பல மாநிலங்களில் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து இந்த கிளினிக்குகளை நடத்துகிறது, ஷூவும் இலவசமாகக் கொடுக்கிறது. பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று அவர்களிடமே விசாரிக்கலாம்.

பாதம் ரொம்ப இறுகியிருந்தால், கூடவே முட்டி, இடுப்பு, கை மூட்டுகளும் விறைத்திருந்தால், முதுகில் குழியோ முடிக்கற்றையோ இருந்தால், அப்போது மட்டும் குழந்தைகள் எலும்பியலுக்கென்றே தனிப் பிரிவுள்ள இடம் வேண்டும். வேலூர் சி.எம்.சி. உங்களுக்குச் சென்னையைவிடப் பக்கம்.

போனில் கேட்க வேண்டியது: "வாரத்துக்கு எத்தனை குழந்தைக்குக் கட்டுறீங்க? கட்டு தொடை வரையா? நரம்பு வெட்டுறது ஓ.பி.யிலயா, மயக்கம் கொடுத்தா? ஷூ யார் தருவாங்க, எத்தனை வயசு வரை?" கடைசிக் கேள்விக்குத் தடுமாறாமல் "நாலு, அஞ்சு வயசு வரை ராத்திரியில" என்று பதில் வந்தால் சரியான இடம். "அதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் அங்கே கட்டு மட்டும்தான் தெரியும்.

மலைப்பாதை | 3 பிப்ரவரி, இரவு 9.15

இது உண்மையான வளைபாதம்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். கருப்பையில் இடநெருக்கடியால் மடங்கிப் பிறக்கும் பாதமும் உண்டு. அதை விரலால் மெதுவாகத் தள்ளினாலே நேராகி, முன்பாதம் முழங்காலை நோக்கி மேலே வரும், குதிகாலுக்கு மேல் ஆழமான மடிப்பு இருக்காது. பாட்டி நீவி சரியானதாகச் சொல்லப்படும் கதைகளில் பல இந்த வகைதான். முன்பாதம் மட்டும் உள்ளே திரும்பி, குதிகால் தன் இடத்தில் இருந்தால் அதுவும் வேறு, பெரும்பாலும் தானே சரியாகும். உங்கள் பையனுக்குக் குதிகால் தூக்கியிருக்கிறது என்கிறீர்கள், அதனால் வளைபாதமாகத்தான் இருக்கும்.

எக்ஸ்ரே கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். இந்த வயதில் பாத எலும்புகள் பெரும்பாலும் குருத்தெலும்பு, படத்தில் தெரியாது. இடுப்பு மூட்டைக் கையால் சோதிப்பதைத்தான் கட்டாயம் செய்ய வேண்டும்.

தாழம்பூ | 6 பிப்ரவரி, மாலை 5.40

தருமபுரியிலயே வியாழக்கிழமை கிளினிக் இருக்கு. இன்னைக்கு முதல் கட்டு போட்டாச்சு, தொடை வரைக்கும். சீட்டுல வலது 5.5, இடது 5னு எழுதியிருக்கு. ஆனா பாதம் முன்னைவிடக் கோணலா தெரியுதே! உள்ளங்கால் மேல பார்க்குது. தப்பா போட்டுட்டாங்களோன்னு தங்கச்சி அழுவுறா.

கட்டுக்காரர் | 6 பிப்ரவரி, மாலை 6.05

அழ வேணாம், கட்டினவருக்கு வேலை தெரிஞ்சிருக்கு!

வளைபாதத்துல நாலு கோளாறு: உள்ளங்கால் குழி அதிகமா இருக்கும், முன்பாதம் உள்ளே திரும்பியிருக்கும், குதிகால் உள்பக்கம் சாய்ஞ்சிருக்கும், குதிகால் மேல தூக்கியிருக்கும். இந்த வரிசையிலதான் சரி பண்ணணும். முதல் கட்டு குழியை எடுக்கறதுக்கு. பெருவிரல் பக்கத்தைத் தூக்கி, முன்பாதத்தைப் பின்பாதத்தோட ஒரே கோட்டுக்குக் கொண்டுவரணும். அதனாலதான் உள்ளங்கால் மேல பார்க்குது. தெரியாதவங்க என்ன பண்ணுவாங்கன்னா, உள்ளங்காலை வெளிப்பக்கம் பார்க்கற மாதிரி முறுக்கி அழுத்துவாங்க. பார்வைக்கு உடனே நேரா தெரியும், உள்ளே குழி கூடிப்போய்ப் பாதம் பூட்டிக்கும்.

ரெண்டாவது கட்டுல இருந்து வெளிப்பக்கம் திருப்புவாங்க. கவனிச்சுப் பாருங்க, ஒரு கட்டைவிரல் கணுக்காலுக்கு முன்னாடி, வெளிப்பக்கத்துல புடைச்சிருக்கற தாலஸ் எலும்பு மேல இருக்கணும். மத்த கை முன்பாதத்தைத் திருப்பணும். குதிகாலைத் தொடவே கூடாது. தாலஸை நிறுத்தி முன்பாதத்தைத் திருப்பினா குதிகால் தானா பின்னாடி வரும். கைட்னு ஒருத்தர் சொன்ன பழைய முறையில குதிகாலுக்கு முன்னாடி வெளியோரத்துல அழுத்துவாங்க, அது குதிகால் திரும்பறதையே மறிச்சிடும். மாசக்கணக்குல கட்டு போட்டும் தேறாம ஆபரேஷனுக்குப் போன பாதங்கள்ல நிறைய அப்படிக் கெட்டது.

மலைப்பாதை | 6 பிப்ரவரி, இரவு 8.30

அந்த 5.5 பிரானி மதிப்பெண். ஆறு இடம் பார்ப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 0.5 அல்லது 1. நடுப்பாதத்துக்கு மூன்று, பின்பாதத்துக்கு மூன்று. 6 என்றால் மிகக் கடுமை. ஒவ்வொரு வாரமும் எழுதச் சொல்லி, நீங்களும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நடுப்பாத மதிப்பெண் முதலில் இறங்கும், பின்பாதத்தில் குதிகால் மட்டும் கடைசிவரை அடம் பிடிக்கும். மூன்று கட்டுக்குப் பிறகும் நடுப்பாத எண் அசையவில்லை என்றால் ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

கட்டுக்காரர் | 7 பிப்ரவரி, காலை 6.30

வீட்டுல பார்க்க வேண்டியது. விரல் நுனியை அழுத்தி விட்டா வெளுத்துட்டு உடனே சிவக்கணும். முதல் நாள் ஒவ்வொரு தடவை பால் கொடுக்கறப்பவும் இதைப் பாருங்க. நீலம், வெளுப்பு, ஜில்லுன்னு இருக்கறது, அடங்காத அழுகை, கட்டுல நாத்தம், இதுல எது வந்தாலும் வியாழன் வரை காத்திருக்காதீங்க.

விரல் நுனி எங்க நிக்குதோ அங்க கட்டு மேல பேனாவால கோடு போடுங்க. விரல் அந்தக் கோட்டுக்குள்ள போயிட்டா கட்டு இறங்கிடுச்சுன்னு அர்த்தம். இறங்கின கட்டை வச்சிருக்கறதுக்கு இல்லாம இருக்கறதே மேல்: பாதத்தை நசுக்கும், புண்ணாக்கும். உடனே கிளினிக்குக்குக் கூப்பிடுங்க, போக வழியில்லைன்னா அவங்ககிட்ட கேட்டுக்கிட்டு, கட்டை வெதுவெதுப்பான தண்ணியில நல்லா ஊறவச்சு நுனி தேடிப் பிரிச்சிடலாம். கட்டின நுனியை அடையாளம் வச்சுத் தரச் சொல்லி அடுத்த தடவை கேளுங்க.

நல்லா இருக்கற கட்டை மட்டும் முந்தின ராத்திரியே பிரிச்சு எடுத்துட்டுப் போகாதீங்க. ஒரே ராத்திரியில பாதம் பின்வாங்கும். கட்டு மாத்தறப்ப பிள்ளை பசியோட இருக்கட்டும், பால் குடிச்சுக்கிட்டே இருந்தா கால் தளர்ந்து கொடுக்கும். வயிறு நிறைஞ்சு வந்த பிள்ளை உதைச்சுத் தள்ளும்.

மாவு முழுசா காய ஒரு நாள் ஆகும். போர்வை போட்டு மூடாம ஃபேன் காத்துல விடுங்க.

புளியமரம் | 9 பிப்ரவரி, இரவு 10.10

எங்க தெருவுல கேட்டா கிரகணத்தப்ப பொண்ணு அரிவாள்மனையில காய் நறுக்கினதாலதான் இப்படின்னு தீர்ப்பு வந்துடும். அந்த தீர்ப்புக்கு அப்பீல் உண்டா?

மலைப்பாதை | 10 பிப்ரவரி, காலை 7.00

அப்பீலே தேவையில்லை, தள்ளுபடி. ஏறத்தாழ ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது, கிரகணம் பார்க்கும் பழக்கமே இல்லாத நாடுகளிலும். ஆண் குழந்தைக்கு இரண்டு மடங்கு அதிகம், பாதிப்பேருக்கு இரண்டு காலிலும். பெரும்பாலானவற்றுக்குக் குறிப்பிட்ட ஒரு காரணத்தைக் காட்ட முடியாது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு கூடும், அதற்காக 18-20 வாரத்து ஸ்கேனில் பாதத்தைப் பார்க்கச் சொல்லலாம். தாய் செய்த எதனாலும் வருவதில்லை. மாமியாரிடம் டாக்டரையே இதைச் சொல்ல வையுங்கள்.

தாழம்பூ | 24 பிப்ரவரி, காலை 9.20

மூணு கட்டு முடிஞ்சது. 5.5 இப்ப 3.5. ஆறாவது வார ஊசி வருது, தொடையில போடணுமாமே? ரெண்டு தொடையிலயும் கட்டு. கட்டு முடியட்டும்னு தள்ளிப் போடலாமா?

நடைவண்டி | 24 பிப்ரவரி, காலை 10.05

தள்ளிப் போடாதீர்கள். ஆறு வாரம் நிறைந்த பிறகு வரும் முதல் வியாழக்கிழமை, பழைய கட்டைப் பிரித்துப் புதுக் கட்டு போடுவதற்கு இடையில் ஊசி போட்டுக்கொள்ளலாம். கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லி, தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். ஊசி போட்ட இடம் வீங்கலாம் என்பதால் கட்டின் மேல்விளிம்பு அங்கே இறுக்காமல் இருக்கிறதா என்று அன்றிரவு பாருங்கள். வெட்டும் நாளும் அதுவும் ஒன்றாக வந்தால் எது முதலில் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுக்காரர் | 27 பிப்ரவரி, இரவு 7.50

மேல 5, 6 கட்டுன்னு சொன்னது சாதாரண வளைபாதத்துக்கு. மூட்டெல்லாம் விறைச்சுப் பிறக்கற பிள்ளைக்கும், முதுகுத்தண்டுக் கோளாறு உள்ள பிள்ளைக்கும் இன்னும் கூட ஆகும்.

இன்னொரு வகையும் இருக்கு. பாதம் குட்டையா, குண்டா, உள்ளங்காலைக் குறுக்கே வெட்டற மாதிரி ஆழமான ஒரு மடிப்பு, பெருவிரல் உள்ள இழுத்து மேல தூக்கியிருக்கும். பிறவியிலயே வரலாம், இறங்கின கட்டை விட்டு வச்சதாலயும் வரலாம். இதுக்கு வழக்கமான 70 டிகிரி வெளித்திருப்பல் ஆகாது, 40 டிகிரியோட நிறுத்தி, எல்லா விரல் எலும்பையும் சேர்த்து மேல தூக்கணும், முட்டியை 110 டிகிரிக்கு மேல மடக்கிக் கட்டணும். மடிப்பு தெரிஞ்சா "இது காம்ப்ளெக்ஸ் வகையா?"ன்னு வாய் திறந்து கேளுங்க. வழக்கமான கட்டையே தொடர்ந்தா வீங்கும், உருவும், இன்னும் கெடும்.

தாழம்பூ | 6 மார்ச், மதியம் 2.30

அடுத்த வாரம் நரம்பு வெட்டணுமாம். பாதம் வெளிப்பக்கமா ரொம்பத் திரும்பிடுச்சு, வாத்துக் கால் மாதிரி நிக்குது. இது போதாதா? நரம்பை வெட்டிட்டா நடப்பானா?

கட்டுக்காரர் | 6 மார்ச், மதியம் 3.15

அப்படித்தான் இருக்கணும். 60-70 டிகிரி வெளிய திரும்பினாத்தான் குதிகால் தாலஸுக்கு அடியில இருந்து முழுசா விடுபடும். நடக்கற வயசுல தானா நேராகிடும்.

வெட்டறது உணர்ச்சி நரம்பு இல்ல, ஆடுசதையைக் குதிகாலோட இழுத்துக் கட்டியிருக்கற நாண். குதிகாலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மேல, மெல்லிய கத்தியால தோல்ல சின்ன துளை, தையல்கூடக் கிடையாது. மரத்துப்போற ஊசியோட ஓ.பி.யிலயே பண்றாங்க, சில இடத்துல மயக்கம் கொடுப்பாங்க. கட்டோட இருக்கற 3 வாரத்துல நாண் நீளமா வளர்ந்து ஒட்டிக்கும். பத்துல எட்டு, ஒன்பது பிள்ளைக்கு இது தேவைப்படுது. இதைத் தவிர்க்கறேன்னு பாதத்தை மேல மேல தள்ளிக் கட்டினா, குதிகால் இறங்காம நடுப்பாதம் ஒடிஞ்சு வளையும், உள்ளங்கால் தொட்டில் அடி மாதிரி பிதுங்கிடும். அதைச் சரி பண்றது பெரிய தலைவலி.

கட்டுல குதிகால் பக்கம் காசளவு ரத்தக் கறை வரலாம். அது பரவிக்கிட்டே போனா கூட்டிட்டுப் போங்க. மயக்கம்னா எத்தனை மணிக்குக் கடைசிப் பால்னு முன்கூட்டியே கேட்டுக்குங்க.

நடைவண்டி | 6 மார்ச், இரவு 9.00

ஷூவை அன்றைக்கே ஆர்டர் கொடுங்கள். கடைசிக் கட்டைப் பிரிக்கும் நாளில் ஷூ கையில் இருக்க வேண்டும். "அடுத்த வாரம் வந்துடும்" என்று வெறுங்காலோடு அனுப்பிவைத்தால், அந்த ஒரு வாரத்தில் ஐந்து கட்டின் பலன் கரையத் தொடங்கிவிடும். பாத நீளத்தை வெட்டுக்கு முன் கட்டு பிரித்திருக்கும்போது அளந்துகொள்ளச் சொல்லுங்கள்.

மலைப்பாதை | 7 மார்ச், காலை 8.10

ஷூவை மூன்று மாதம் முழுநேரம், பிறகு நடக்கும்வரை இரவில் போட்டால் பெரும்பாலும் போதும், இல்லையா?

நடைவண்டி | 7 மார்ச், காலை 8.40

போதாது. நீங்கள் சொல்லியே இப்படி வந்தால் படிப்பவர்கள் நம்பிவிடுவார்கள். முதல் 3 மாதம் 23 மணி நேரம், பிறகு இரவும் பகல் தூக்கமும் சேர்த்து 12-14 மணி நேரம், 4 வயது வரையாவது. பாதத்தை உள்ளே இழுக்கும் விசை நடக்கத் தொடங்கியதும் நின்றுவிடுவதில்லை. பாதம் திரும்ப மடங்கி வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஷூவை நிறுத்தியவர்கள்தான்.

தாழம்பூ | 5 ஏப்ரல், இரவு 11.50

முந்தாநாள் ஷூ போட்டாங்க. ரெண்டு ராத்திரியா தூக்கமில்ல, கத்திக்கிட்டே இருக்கான். குதிகால்ல சிவப்பு. கழட்டி வச்சிடலாமா? பக்கத்துல ஒருத்தர் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் மென்மையா இருக்கும்ங்கறார்.

நடைவண்டி | 6 ஏப்ரல், காலை 5.30

கழற்றாதீர்கள். முதல் சில இரவுகள் எல்லோருக்கும் இப்படித்தான். இரண்டு காலையும் ஒன்றாகத்தான் உதைக்க முடியும் என்பது அவனுக்குப் புதிது. பகலில் பாரைப் பிடித்து இரண்டு காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாடுங்கள், பழகிவிடுவான்.

சிவப்பு குதிகாலின் பின்பக்கம் என்றால் ஷூ தளர்வு, குதிகால் மேலே ஏறி உரசுகிறது. முட்டியை மடக்கி, குதிகாலை அடிவரை இறக்கி, கணுக்கால் மேல் வரும் நடுப்பட்டையை முதலில் இறுக்குங்கள், பிறகு மற்றவை. காலைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், விரல்கள் ஷூவுக்குள் நகர்ந்தால் இன்னும் ஒரு துளை இறுக்க வேண்டும். தையல் உறுத்தாத பருத்தி சாக்ஸ். சிவந்த இடத்தில் எண்ணெய், க்ரீம் தடவாதீர்கள், தோல் இளகிக் கொப்புளமாகும். கொப்புளம் வந்துவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள்.

பாரையும் சரிபாருங்கள். இரண்டு குதிகால்களுக்கு இடையிலான தூரம் பையனின் தோள் அகலம். அதைவிடக் குறுகினால் பிள்ளைக்குச் சங்கடம், கத்துவதற்கு அதுவும் காரணமாகலாம். இரண்டு ஷூவும் 60-70 டிகிரி வெளியே. ஒரு கால் மட்டும் பாதித்த குழந்தைக்கும் இரண்டு ஷூ வேண்டும், நல்ல காலுக்கு 30-40 டிகிரி. கட்டுக்காரர் சொன்ன காம்ப்ளெக்ஸ் பாதத்துக்கும் 30-40தான். முன்பாதம் 10-15 டிகிரி மேலே நிற்கும்படி பார் வளைந்திருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் வேண்டாம். முட்டிக்குக் கீழே நிற்கும் எதுவும் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைக்காது, முதல் நாள் இங்கே கட்டைப் பற்றிச் சொன்ன அதே காரணம்தான். வளைபாதக் குழந்தைகள் நடப்பதற்கென்று தரும் சி.டி.இ.வி. ஷூவும் பாருக்கு மாற்று கிடையாது. பகலில் சாதாரணச் செருப்போ வெறுங்காலோ போதும் என்பது பொன்செட்டி பக்கத்து வாதம், பழக்கத்தால் பல இடங்களில் எழுதித் தருகிறார்கள். வாங்கினால் தவறில்லை, ஆனால் அதை வாங்கியதும் இரவு பாரை நிறுத்திவிடுகிற வீடுகள்தான் கவலை.

புளியமரம் | 6 ஏப்ரல், காலை 7.15

கல்யாண வீட்டுக்குப் போறப்ப "ஒரு நாள்தானே"ன்னு கழட்டி வைக்கச் சொல்ல ஒரு சித்தப்பா வருவார். அவர்கிட்ட அந்த பாரைக் கொடுத்துத் தூங்கச் சொல்லணும்.

கட்டுக்காரர் | 6 ஏப்ரல், காலை 7.30

சித்தப்பாவோட தோள் அகலத்துக்கு பார் கிடைக்காது.

தாழம்பூ | 11 ஆகஸ்ட், மாலை 4.45

ராத்திரி மட்டும் போடறோம், தூங்கிடறான். வலது ஆடுசதை இடதைவிட மெலிசா இருக்கு. கட்டாலயா? இது எப்பவும் இருக்குமா?

மலைப்பாதை | 11 ஆகஸ்ட், மாலை 5.30

கட்டால் அல்ல, வளைபாதத்தோடு வருவது. ஆடுசதை மெலிவும் பாதம் கொஞ்சம் சிறுத்திருப்பதும் நிலைக்கும், ஓட்டத்துக்கும் விளையாட்டுக்கும் தடையில்லை. கவனிக்க வேண்டியது குதிகால். முட்டி நேராக இருக்கும்போது பாதத்தை மேலே தள்ளிப் பாருங்கள். முன்பு வந்த அளவுக்கு வரவில்லை, அல்லது நடக்கத் தொடங்கியபின் வெளி ஓரத்தில் மிதிக்கிறான் என்றால் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள். சீக்கிரம் பிடித்தால் இரண்டு, மூன்று கட்டிலேயே திரும்பும். இரண்டரை வயதுக்கு மேல் திரும்பத் திரும்ப மடங்கினால், முன்னங்கால் தசை நாணைப் பாதத்தின் நடுப்பக்கத்துக்கு மாற்றிவைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. மூட்டைத் திறந்து செய்யும் பழைய அறுவை சிகிச்சை மாதிரி பாதத்தை விறைக்க வைக்காது.

நடைவண்டி | 11 ஆகஸ்ட், இரவு 8.20

கூடவே ஷூவின் முன்விளிம்பைப் பாருங்கள். விரல்கள் விளிம்பைத் தாண்டி மடங்கினால் அடுத்த அளவுக்குக் காலம் வந்துவிட்டது. முதல் வருடத்தில் சில மாதத்துக்கு ஒருமுறை மாறும். விரல் விளிம்பைத் தொடும்போதே கிளினிக்கில் சொல்லி வையுங்கள், அவர்களிடம் அந்த அளவு இருப்பில் இல்லை என்றால் வரவழைக்க நாள் வேண்டும். தோளும் அகலமாகியிருக்கும், பாரையும் அப்போதே அளந்து மாற்றிக்கொள்ளுங்கள். பழைய ஜோடியைத் தூக்கிப் போடாமல் திருப்பிக் கொடுங்கள், வியாழக்கிழமை வரிசையில் அடுத்த குழந்தைக்கு ஆகும்.